ரொறன்ரோவுக்குப் போன ஓம்

"அப்பா, பழைய மிஷின் எட்டு. புதுசு பதினாறு. வகுப்பிலை எல்லாரும் பதினாறு வாங்கிட்டினம். எட்டின்ரை கசெற் பதினாறுக்குள்ளை போகாது. அம்மா உங்களைக் கேட்கச் சொன்னா. ஓம் எண்டு எழுதுங்கோ."

என்னுடைய 1993ஆம் ஆண்டு நாட்குறிப்பில், புரட்டாதி மாதப் பக்கம் ஒன்றில் இந்த வரிகள் இருக்கின்றன. கடிதம் எனக்கு வந்ததல்ல. பருத்தித்துறையில் நான் கணக்கெழுதும் இலிகிதராக இருந்த கூட்டுறவுச் சங்கக்கடையின் மனேச்சருக்கு, ரொறன்ரோவிலிருந்து அவருடைய ஏழு வயது மகன் எழுதியது. மனேச்சர் வாசிக்க நான் கேட்டேன். அன்று மாலை நினைவிலிருந்து எழுதி வைத்தேன். ஆகவே சொற்கள் சற்று முன்பின்னாக இருக்கலாம். எட்டும் பதினாறும் மட்டும் நிச்சயம்.

அன்று கடைக்குச் சீனி வந்திருந்தது. கூப்பன் மட்டைகளோடு சனம் வாசல்வரை நின்றது. கொழும்புக்குப் போய்வந்த ஒருவர் கூட்டத்துக்கு மேலாக உறையை எட்டிக் கொடுத்தார். மனேச்சர் தராசை அப்படியே விட்டுவிட்டுச் சாக்குகளுக்குப் பின்னால் போய் உறையைக் கிழித்தார். முதல் தடவை மனதுக்குள் வாசித்தார். இரண்டாம் தடவை சத்தமாக வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீர் கனக்கப் படிக்கிற ஆள். பதினாறு எண்டால் என்ன?"

எனக்குத் தெரியவில்லை. நான் படித்திருந்த எதிலும் அது இருக்கவில்லை. வரிசையில் முன்னால் நின்ற டெக் அண்ணைதான் பதில் சொன்னார். "பதினாறு பேர் சேர்ந்து விளையாடலாமாக்கும். குடும்பத்தோடை விளையாடுங்கோ, மனேச்சர். இப்ப என்ரை சீனியைப் போடுங்கோ." சனம் சிரித்தது. மனேச்சர் சிரிக்கவில்லை. கடிதத்தை மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்துவிட்டுத் தராசைப் பிடித்தார். அன்று அவருக்கு இரண்டு தடவை நிறை பிழைத்தது.

டெக் அண்ணைக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம், தொண்ணூறாம் ஆண்டுக்கு முன்னர் அவர் தொலைக்காட்சிப் பெட்டியையும் வீடியோ டெக்கையும் வீடு வீடாக வாடகைக்கு விட்டு வந்ததுதான். சண்டையில் மின்சாரம் நின்ற பிறகு அந்தத் தொழிலும் நின்றது. நான் சொல்லும் காலத்தில் அவர் சைக்கிள் டைனமோவில் வானொலி வேலைசெய்யும்படி கட்டிக்கொடுத்துச் சீவித்தார். அரசாங்கத்தின் தடையால் சாதாரண பற்றரிகூடக் குடாநாட்டுக்குள் வராத காலம். அதனால் அவரிடம் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

அன்று பகிடி விட்டாலும், மகன் கேட்டது என்னவென்பதைப் பிறகு அவர்தான் எங்களுக்கு விளங்கப்படுத்தினார். தொலைக்காட்சியோடு பூட்டுகிற ஒரு பெட்டி. கசெற்றைச் செருகினால் விளையாட்டு வரும். சில வருடங்களுக்கு ஒரு தடவை கொம்பனிக்காரர், எட்டுக்குப் பிறகு பதினாறு என்பதுபோல, புதுத் தலைமுறைப் பெட்டி ஒன்றைக் கொண்டுவருவார்கள், அதற்குள் பழைய கசெற் போகாது. மனேச்சருக்கு இந்தக் கடைசி விஷயம்தான் பிடிபடவில்லை. நல்லாயிருக்கிற ஒன்றைப் புதியது ஏன் ஏற்க மறுக்கிறது என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்டு வெளிச்சம் பார்க்கிற எங்களுக்கும் அது புதினமாகத்தான் இருந்தது.

மனேச்சரின் மனைவியும் மகனும் 1990இன் தொடக்கத்தில் கொழும்புக்குப் போனார்கள். மனைவியின் தமையன் கனடாவிலிருந்து கூப்பிட்டிருந்தார். சங்கத்துச் சரக்கை ஒப்படைத்துவிட்டு மனேச்சர் பின்னால் போவதென்பது ஏற்பாடு. அவர் ஒப்படைத்து முடிக்க முன்னரே ஆனி மாதத்தில் சண்டை தொடங்கிப் பாதை மூடிவிட்டது. பிறகு குடாநாட்டை விட்டு வெளியேற, அப்போது அங்கே ஆட்சி நடத்திய இயக்கத்தின் அனுமதி வேண்டும் என்றார்கள். அதற்கு ஒருவர் பிணை நிற்கவேண்டும். போனவர் திரும்பி வராவிட்டால் பிணை நின்றவர்தான் பதில் சொல்லவேண்டும். மனேச்சர் போனால் திரும்பமாட்டார் என்பது ஊருக்கே தெரியும். அவருக்கும் தெரியும். அதனால் அவர் எவரையும் கேட்கவில்லை. ஒருமுறை நானாகக் கதையை எடுத்தபோது, "ஆரைத் தம்பி கேட்கிறது? கேட்டால் முகத்துக்கு நேரை இல்லையெண்டு சொல்லமாட்டினம். அதுதான் பயம்" என்றார். அதன்பிறகு நான் அந்தக் கதையை எடுக்கவில்லை.

கடிதத்தின் அடியில் மனைவி எழுதியிருந்ததையும் அவர் எனக்குக் காட்டினார். "அப்பா ஓம் எண்டால்தான் வாங்குவன் எண்டு சொல்லிப்போட்டன். யோசிச்சு எழுதுங்கோ." அவர்கள் வீட்டில் பெரிய சாமான் எதையும் தகப்பனைக் கேட்காமல் வாங்குவதில்லை என்பது வழக்கம். தையல் மெஷினும் அப்படித்தான் வந்தது, மகனின் மூன்று சில்லுச் சைக்கிளும் அப்படித்தான். அந்த அம்மா இப்போது அங்கே தானே உழைக்கிறார்; கடை வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும்; நினைத்தால் அன்றைக்கே வாங்கிவிடலாம். ஆனாலும் நாலு வயதில் பிரிந்த பிள்ளைக்குத் தகப்பன் என்று ஒருவர் இருக்கிறார், அவருடைய சொல்லுக்கு இன்னும் இடம் இருக்கிறது என்று காட்டுவதற்காக, போய்வர மாதக்கணக்கு எடுக்கும் கடிதத்தில் அந்தக் கேள்வியை ஏற்றி அனுப்பியிருந்தார். மனேச்சருக்கு அது விளங்கியது. அதனால்தான் எழுத முடியாமல் தவித்தார். தான் சொல்வது மகன் மதிக்கக்கூடிய ஒரு சொல்லாக இருக்கவேண்டும் என்பதே அவருடைய கவலை முழுவதும்.

வேண்டாம் என்று எழுத அவருக்கு மனம் வரவில்லை. "மூண்டு வருசமா ஒரு முட்டாசு இனிப்புகூட வாங்கிக் குடுக்காதவன் வேண்டாமெண்டு சொல்ல ஆர்?" என்றார். உடனே ஓம் என்று எழுதினால் அது றப்பர் முத்திரை குத்தியதுபோல ஆகிவிடும். யோசித்த சொல்லாக இராது. மூன்றாவதாக ஒரு பதில் இருந்தது. வெளியூரில் வேலை பார்க்கிற எந்தத் தகப்பனும் சுலபமாக எழுதிவிடுகிற பதில். ஒருநாள் மத்தியானம் கடையில் ஆளில்லாத நேரம் அவர் அதை எழுதினார். நான் மேசைக்கு எதிரே இருந்தேன். "நான் வந்து வாங்கித் தாறன்." பிறகு கடதாசியைச் சிறு சிறு துண்டாகக் கிழித்தார். "உதை அனுப்பினால் பிள்ளை உண்மையாக் காத்துக்கொண்டிருக்கும், தம்பி" என்றார்.

அதற்குப் பிறகு அவர் கேள்விகள் எழுதத் தொடங்கினார். புதிய பெட்டியால் கண் கெடாதா, எத்தனை மணிநேரம் விளையாடுவாய், பழைய கசெற்றுகளை என்ன செய்வாய் என்று. தகப்பனுக்குரிய கேள்விகள்தான். ஆனால் கேள்விக்குப் பதில் வர ஒரு பருவம் போய்விடும். சீவிய டைனமோக் கம்பி ஒன்றைக் கையில் சுற்றியபடி டெக் அண்ணை அந்தக் கடிதத்தை வாங்கிப் படித்தார். "நீங்கள் விசாரணை முடிக்க முன்னம் பெடியனுக்கு மீசை முளைச்சிடும், மனேச்சர்."

"பாராமல் என்னெண்டு ஐசே ஓம் எண்டுறது? நான் உந்தச் சாமானைக் கண்ணாலையும் கண்டதில்லை."

"கண்டால் எழுதுவியளோ?"

"எழுதுவன்."

அடுத்த ஞாயிறு காலை டெக் அண்ணையின் பூட்டிய கடைக்குள் நாங்கள் மூவரும் கூடினோம். எண்பத்தாறில் வாடகைக்கு விட்ட ஒரு விளையாட்டுப் பெட்டி அவரிடம் இருந்தது. அதற்குக் கசெற் என்பதே கிடையாது. எட்டுக்கும் முந்தியது. பதினாறை வாங்கலாமா என்று அறிவதற்கு எட்டுக்கும் முந்தியதை விளையாடிப் பார்க்கப்போகிறோம் என்பது எங்களில் ஒருவருக்கும் வேடிக்கையாகத் தோன்றவில்லை. ஒரு சின்னக் கறுப்புவெள்ளைத் தொலைக்காட்சியைக் கார் பற்றரியில் பூட்டினார். பெட்டிக்கு அவ்வளவு வலு கூடாது என்பதால், பற்றரியின் மேல் தாருக்குள் புதைந்திருந்த ஈயத்தில் ஆணி அடித்து, பாதி வலு மட்டும் வரும்படி நடுவிலிருந்து ஒரு கம்பி எடுத்தார். அந்த வலு அவர் ஒரு கிழமைக்கு வானொலிச் செய்தி கேட்க வைத்திருந்தது. "செய்தியிலை என்ன, ஒவ்வொரு நாளும் அதுதானே" என்றார்.

திரையில் முதலில் இரைச்சல். பிறகு நடுவில் ஒரு கோடு, இரண்டு பக்கமும் இரண்டு கட்டைகள், சதுரமான ஒரு பந்து. திருகைத் திருப்பினால் கட்டை மேலும் கீழும் போகும். பந்தைத் தவறவிட்டால் எதிராளிக்குப் புள்ளி. மனேச்சர் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். ஊருக்கே சீனி நிறுக்கிற கை, அந்தத் திருகை அளவு தெரியாமல் திருப்பியது. முதல் ஆட்டத்தில் என்னிடம் தோற்றார். இரண்டாவதில், "விடும் ஐசே, விடும், நான் இன்னும் ஆயத்தமில்லை!" என்று பந்தைப் பார்த்தே கத்தினார். மூன்றாவது ஆட்டத்தில் அவர் முன்னுக்கு நின்றார். அவர் வாய்விட்டுச் சிரித்ததை நான் அன்றுதான் கேட்டேன்.

அந்த நேரம் பொம்மரின் சத்தம் கேட்டது. மூவரும் கடைக்குப் பின்னாலிருந்த பங்கருக்குள் இறங்கினோம். விமானம் இரண்டு தடவை சுற்றியது. எங்கோ மேற்குப் பக்கமாகக் குண்டு விழுந்தது, நிலம் அதிர்ந்தது, பிறகு அமைதி. உள்ளே இருந்தபோதும் மனேச்சரின் வலதுகைப் பெருவிரலும் சுட்டுவிரலும் கையில் இல்லாத திருகு ஒன்றைத் திருப்பிக்கொண்டிருந்தன.

திரும்பி வந்தபோது தொலைக்காட்சி வேலைசெய்துகொண்டிருந்தது. அவசரத்தில் டெக் அண்ணை கம்பியைக் கழற்றவில்லை. பந்து தானாகவே ஓடி, மனேச்சரின் கட்டை நின்ற இடத்தைத் தவறித் தவறிப் போய், ஆட்டம் முடிந்திருந்தது. என் பக்கத்தில் பதினைந்து புள்ளி.

"பங்கருக்குள்ளை இருந்துகொண்டே என்னை வெண்டிட்டீர்" என்றார் மனேச்சர். டெக் அண்ணை சிரித்தார். மனேச்சர் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார். கதிரையில் இருக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நாங்கள் வருமட்டும் அது நிக்கேல்லை, பாத்தீரே" என்றார். பிறகு, "பெடியன் இப்பத்தானே கேட்கிறான். இப்பத்தான் குடுக்கவேணும்" என்றார்.

"பதினாறுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம் எண்டு தெரியாமலே எழுதப்போறியளோ?"

"பதினாறிலை பந்து வட்டமாயிருக்குமாக்கும்."

அங்கேயே, டெக் அண்ணையின் வேலை மேசையில் வைத்து எழுதினார். "ஓம். வாங்கு. நான் யோசிச்சுத்தான் சொல்லுறன். பழையதை எறியாதை, ஆருக்கும் குடு. அப்பா." வேறொன்றும் எழுதவில்லை. கண் வைத்தியத்துக்காகக் கொழும்பு போகவிருந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியையின் கையில், கடல்நீரேரியைத் தோணியில் கடந்து அந்தக் கடிதம் போனது. அது ஐப்பசி மாதம்.

பதில் 1994 சித்திரையில் வந்தது. உறைக்குள் கடிதத்தோடு சில படங்களும் இருந்தன. அந்தக் காலத்துப் புதுக் கமராக்களில் எடுத்த படங்களின் வலது கீழ் மூலையில் செம்மஞ்சள் நிறத்தில் திகதி விழும். திகதிகளில் பித்துள்ள எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. பனியில் மகன் நின்ற படத்தில் திகதி இருந்தது. கேக் வெட்டுகிற படத்திலும் இருந்தது. புதிய பெட்டியின் முன்னால், முழங்கைக்கு மேலே நிற்கும் கட்டைக்கைச் சேட்டோடு, கையில் அதன் பிடியை வைத்துக்கொண்டு மகன் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிற படத்தில் மட்டும் இருக்கவில்லை. அந்தப் படம் மற்றவற்றைவிட உயரம் குறைவாக இருந்தது. கீழ் விளிம்பு முழுவதும் கத்தரிக்கோலால் நேராக வெட்டப்பட்டிருந்தது.

"நான் ஓம் எண்டு எழுதினாப்பிறகுதான் வாங்கினவையாம்" என்று மனேச்சர் கடைக்கு வந்த எல்லாருக்கும் படத்தைக் காட்டினார். "கடிதம் கிடைச்ச அடுத்த நாளே."

டெக் அண்ணை படத்தை வாங்கி உற்றுப் பார்த்தார். "அப்ப பந்து வட்டமோ, மனேச்சர்?"

"தெரியேல்லை. அவன்ரை தலை மறைக்குது."

மனேச்சர் பல வருடங்கள் கழித்துக் கனடா போய்ச் சேர்ந்தார். இப்போது அவர் இல்லை. அவர் காலமானபோது மகன் எனக்குத் தொலைபேசி எடுத்துப் பேசினான். தகப்பன் என்னைப்பற்றி அடிக்கடி சொல்வார் என்றான். அந்தப் பெட்டி எப்போது வீட்டுக்கு வந்தது என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவனுடைய தாயும் உயிரோடு இருக்கிறார். கேட்கவில்லை. இந்தக் குறிப்பை எழுதும்போதும் தொலைபேசி இலக்கத்தை எடுத்து வைத்தேன், அழைக்கவில்லை.

ஆகவே எனக்குத் தெரிந்ததை மட்டும் இங்கே பதிகிறேன். கட்டைக்கைச் சேட்டு ஒன்றையும் நிரூபிக்காது. அந்த நாட்டில் பனி கொட்டும் மாரியிலும் வீட்டுக்குள் அப்படி இருக்கலாம் என்று பிறகு அறிந்தேன். கமராவின் திகதி பிழையாக விழுந்ததால் அழகு கருதி வெட்டியிருக்கவும்கூடும். பிள்ளை பொறுக்காமல் அழ, ஓம் வர முன்னரே வாங்கிவிட்டு, தாய் அதை மறைப்பதற்காக ரொறன்ரோவில் வெட்டி அனுப்பினாரா, அல்லது முழுப் படமாகவே வந்து, திகதியைப் பார்த்த மனேச்சர் நாங்கள் பார்த்துவிடக்கூடாதென்று பருத்தித்துறையில் வெட்டினாரா என்பது இன்றுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.