‘பிள்ளைகள்’ என்றால் யார்

அப்பா எழுதிவைத்த மரணசாசனத்தில் வீட்டைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது: “குடியிருக்கும் வீட்டை என் பிள்ளைகள் சமமாக அனுபவிக்க வேண்டும்.” அதை எழுதிக்கொடுத்த நொத்தாரிசும் காலமாகிவிட்டார். பிள்ளைகள் என்றால் யார் என்று கோட்டில் நீதிபதியிடம் போய்க் கேட்கவேண்டி வந்தது.

என்னைப் பெற்றவர்கள் ஈச்சிலம்பற்றில் ஒரே மாரியில் காய்ச்சல் கண்டு போய்விட்டார்கள். தவழ்ந்துகொண்டிருந்த என்னைத் திருகோணமலைக்குக் கொண்டுவந்து வளர்த்தவரைத்தான் அப்பா என்கிறேன். வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தை விட்டுப் போனபோது துறைமுக வேலை போய், சின்னதாகப் பலசரக்குக் கடை வைத்தவர். அவருக்குப் பெற்ற பிள்ளைகள் இருவர். அக்கா மட்டக்களப்பில் வாழ்க்கைப்பட்டிருந்தார். அண்ணா கொழும்பில் உத்தியோகம். அம்மாவையும் பிறகு அப்பாவையும் கடைசிவரை பார்த்தது நான். என்னைச் சட்டப்படி தத்தெடுத்துப் பதியவில்லை. அப்படியொன்று வேண்டும் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றியிருக்காது.

செத்தவீடு முடிந்து சில மாதத்தில் அண்ணா வீட்டை விற்க வந்தார். “உனக்கு இதில பங்கில்லையாம்” என்றார், யாரோ சொல்லியனுப்பியதைச் சொல்வதுபோல.

என் சட்டத்தரணி வயதானவர். “சாசனத்தில விளக்கமில்லை எண்டால் வெளியில இருந்துதான் ஆதாரம் காட்டவேணும், பிள்ளை. அவர் உங்களை எப்படி வைச்சிருந்தவர் எண்டதை உள்ளபடி சொல்லுங்கோ” என்றார்.

கூண்டில் ஏறினேன். அப்பா என்னை எப்படிக் கூப்பிடுவார் என்று என் சட்டத்தரணி கேட்டார்.

“பிள்ளை எண்டு.”

அண்ணாவின் சட்டத்தரணி எழுந்தார். “கடைக்குச் சீனி வாங்க வாற பெட்டைகளை?”

யோசித்தேன். பொய் சொல்ல ஏலவில்லை. “அவையளையும் பிள்ளை எண்டுதான்.”

பின்வாங்கில் இருந்த யாரோ சிரித்தார்கள்.

அடுத்து அண்ணா. “நீங்கள் இவவை எப்படிக் கூப்பிடுறனீங்கள்?” என்று என் சட்டத்தரணி கேட்டார்.

“பேர் சொல்லித்தான்.”

“தங்கச்சி எண்டு கூப்பிட்டதே இல்லையோ?”

“இல்லை.”

அண்ணா என் பக்கம் பார்க்கவில்லை. அப்பாவைச் சுடலைக்குக் கொண்டுபோன அன்று, குசினிக்குள் அடுப்படிக்கு வந்து என் தோளில் தலையை வைத்து, “இனி எங்களுக்கு ஆர் இருக்கினம், தங்கச்சி” என்று குழந்தைபோல அழுதவர். வேலிக்கு அந்தப்பக்கம் நின்ற பக்கத்து வீட்டுக்காரிக்கும் அது கேட்டது. கூப்பிட்டால் வந்து சொல்லியிருப்பாள். சட்டத்தரணி என்னைத் திரும்பிப் பார்த்தார், வேறு ஏதும் இருக்கிறதா என்பதுபோல. தலையை ஆட்டி இல்லை என்றேன். அந்த அழுகையைக் கோட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

நீதிபதி இரக்கமான குரலில்தான் தீர்ப்பை வாசித்தார். சொல் தெளிவாக இருக்கிறது. பெற்ற பிள்ளைகள் இருவர் இருக்கிறார்கள். வெளிச்சாட்சியைக் கொண்டு அதற்குள் இன்னொருவரைச் சேர்க்க முடியாது.

கப்பல்துறை என்ற ஊரில் ஒரு அறை எடுத்து, தையல் தைத்து இருந்தேன். அந்த வருசம் அப்பா செத்த திதியில் வந்த ஆட்டைத் திவசத்துக்கு எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நானே மரக்கறி வாங்கிச் சமைத்தேன். வீட்டுக்கார அம்மா வந்து எட்டிப்பார்த்தார்.

“ஆருக்குப் படைக்கிறியள்?”

“அப்பாவுக்கு.”

“ஆம்பிளைப் பிள்ளையள் இல்லையோ அவருக்கு?”

“இருக்கிறார். அண்ணா ஒராள்.”

“அப்ப அங்க போகேல்லையோ?”

அடுப்பைப் பார்க்கிற சாட்டில் திரும்பிக்கொண்டேன்.