துதிக்கை வரை வந்த யானை

புனேயில் வேலை பார்க்கும் என் மகள், அங்கே தெருத்தெருவாக நடந்து ஒரு நாய் வரைந்தாள். கைப்பேசியில் அதற்கென்று ஒரு செயலி இருக்கிறது. நாம் நடக்கும் வழியெல்லாம் வரைபடத்தில் சிவப்புக் கோடாக விழும். படத்தை அனுப்பிவிட்டு, "உங்களால பால் வாங்கற கடை வரைக்கும்தான்பா முடியும்" என்றாள். சர்க்கரைக்கு மாத்திரை விழுங்குகிறவனிடம் பேசுகிற பேச்சா இது? உன் பிறந்தநாளுக்கு உத்திரமேரூரில் யானையே வரைகிறேன் என்று வாயை விட்டேன்.

முதல் யானை வாலோடு செத்தது, சார்ஜ் தீர்ந்துவிட்டது. இரண்டாவது யானையின் வயிற்றில் டீக்கடை வந்தது. தெரிந்தவர்கள் பிடித்து உட்காரவைத்தார்கள். உட்கார்ந்திருந்த கால் மணி நேரமும் செயலி அந்த இடத்திலேயே கிறுக்கித் தள்ளி, வயிற்றுக்குள் ஒரு காக்கைக் கூடு கட்டிவிட்டது.

மூன்றாவது, பிறந்தநாள் அன்றைக்கே. கோயில் தெருக்கள் நான்கு கால்களாயின, கடைத்தெரு முதுகு. இந்த முறை யார் கூப்பிட்டும் நிற்கவில்லை. ஏரிக்கரையில் துதிக்கையை இறக்கிக்கொண்டிருந்தேன். நுனியைச் சுருட்டி முகத்தை மூடினால் முடிந்தது. அப்போதுதான் பின்னால் பைக் சத்தம்.

என் வயதுக்காரர்தான், கொத்தனார். அவருடைய அப்பா எங்கள் நிலத்தில் கூலி வேலை செய்தவர். எங்கள் வீட்டுப் பின்பக்கம் அவருக்கென்று தனியாக ஒரு டம்ளர் கவிழ்ந்து கிடந்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். இவரும் பார்த்திருப்பார்.

"இன்னா சார், இந்த வெயில்ல நடந்துகினு? ஏறி குந்துங்க, வூட்ல வுட்டுடறேன்."

வேண்டாம் என்றேன். நடந்தால்தான் யானை வரும் என்று விளக்கினேன். சொல்லும்போதே அது எப்படி ஒலிக்கிறது என்று எனக்கே தெரிந்தது. அவர் என் கைப்பேசியைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார்.

"பரவால்ல சார். எங்க வண்டின்னா யோசனையாத்தான் இருக்கும்."

ஏறி உட்கார்ந்தேன். செயலியை நிறுத்திவைத்தும் பயனில்லை. விட்ட இடத்துக்கும் மறுபடி தொட்ட இடத்துக்கும் நடுவில் அதுவே கோடு இழுத்துவிடும். கரை முடிவில் இறக்கிவிடுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். காதில் வாங்காமல், தாமல் பக்கம் தளம் போடும் வேலை நடப்பதைச் சொல்லிக்கொண்டே ஓட்டினார். துதிக்கையில் கிளம்பிய பைக், யானையின் கழுத்து, வயிறு எல்லாவற்றையும் கிழித்துக்கொண்டு, பின்னங்காலில் இருக்கும் என் வீட்டு வாசலில் நின்றது.

உள்ளே வந்து காபி சாப்பிடச் சொன்னேன். இன்னொரு நாள் பார்க்கலாம் என்றார், எஞ்சினை அணைக்கவில்லை. நான் சொன்னது பொய்யில்லை என்று காட்டியே தீரவேண்டும் என்று கைப்பேசியை நீட்டினேன். வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினார். குறுக்கே வாள் பாய்ந்த ஒரு மூட்டை அதில் தெரிந்தது.

"யானைன்னுதானே சொன்னீங்கோ?"

ஆமாம் என்றேன்.

"சரி சார்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

என்னை நிரூபிக்க வேண்டிய படத்தை, அவர் வண்டியில் ஏறித்தான் கெடுத்திருக்கிறேன் என்பதை அவருக்கு எந்த மொழியில் விளக்குவது? சாயங்காலம் வரை மகளுக்கு எதையும் அனுப்பவில்லை. வழியில் ஒருத்தர் வண்டியில் ஏற்றிக்கொண்டார் என்று எழுதி எழுதி அழித்தேன். நடந்தது அதுதான். ஆனால் படிக்கும்போது, நடக்கச் சோம்பல்பட்டவன் சொல்லும் சாக்காகவே இருந்தது.