ஜிம்மிக்கு நான் சுட்ட ஆரோக்கிய பிஸ்கட்

போன செவ்வாய்க்கிழமை என் நாயை நானே கொல்லப் பார்த்தேன். அதுவும் ரொம்ப அக்கறையாக, ஓவனில் சுட்டு.

ஜிம்மியைப் பற்றி இந்தப் பக்கத்தில் ஏற்கெனவே புலம்பியிருக்கிறேன். பொமரேனியன், ஏழு வயசு, நடந்தால் வயிறு தரையைத் தொடும். காரணம், பக்கத்து வீட்டு கிளாரா அக்கா. கிறிஸ்மஸ் பலகாரம் சுட ஆரம்பித்தால் முதல் முந்திரிக்கொத்து ஜிம்மிக்குத்தான். டிசம்பர் பிறந்ததுமே மதில் ஓரம் நின்று சொல்லிவிட்டேன்.

"அக்கா, இனிமே அதுக்கு இனிப்பு குடுக்காதீங்க. உங்களுக்கு நாய் வளக்கத் தெரியாது."

அன்றிலிருந்து அக்கா மதில் பக்கமே வரவில்லை.

என் வீட்டில் சீனியே கிடையாது, தெரியுமா? வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வியாதி வந்த அன்றே சீனி, கருப்பட்டி, தேன் எல்லாவற்றையும் வெளியே தள்ளிவிட்டேன். காபிக்குத் தம்பி குவைத்திலிருந்து கொண்டுவந்த சுகர் ஃப்ரீ பொடிதான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்தப் பெருமையோடுதான் இன்டர்நெட்டில் நாய் பிஸ்கட் செய்முறையைப் பிடித்தேன். கோதுமை மாவு, ஓட்ஸ், கேரட் துருவல், முட்டை. சீனி கூடவே கூடாது என்று போட்டிருந்தது. சரி... பண்டிகையாச்சே, வாயில்லா ஜீவனுக்கும் நாக்கு இனிக்க வேண்டாமா? தம்பியின் டப்பாவிலிருந்து நாலு ஸ்பூன் போட்டேன். எலும்பு வடிவில் வெட்டி, சுட்டு, போட்டோகூட எடுத்தேன். ஜிம்மி ஒரு தட்டைக் காலி செய்தது.

முக்கால் மணி நேரம் இருக்கும். வாந்தி எடுத்தது. பிறகு எழுந்தது, சாய்ந்தது, மறுபடி எழப் பார்த்தது. பின்னங்கால் நிற்கவில்லை.

"ஏட்டி, இஞ்ச வா. இதுக்க தல நிக்கல்ல" என்றார் வீட்டுக்காரர்.

தக்கலையில் இருக்கும் கால்நடை டாக்டருக்குப் போன் போட்டேன்.

"என்ன சாப்பிட்டுது?"

"ஹெல்த்தி பிஸ்கட் சார். நானே செஞ்சது."

"சீனி போட்டீங்களா?"

"ஐயோ, இல்ல சார். சுகர் ஃப்ரீ பொடிதான்."

"டப்பாவ எடுத்து, அதுல என்ன எழுதியிருக்குன்னு வாசிங்க."

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசித்தேன். சைலிட்டால்.

"மேடம், அது நாய்க்கு விஷம். ரத்தத்துல சீனி சட்டுன்னு எறங்கிப் போவும். ஒடனே கெளம்புங்க. சீனித் தண்ணியோ, தேனோ, கருப்பட்டிப் பாகோ... எது இருக்கோ அத ஈறுல தடவிட்டே வாங்க. வாயில ஊத்திராதீங்க, பொறை ஏறிரும்."

சீனியா? என் வீட்டிலா?

அடுக்களையில் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்தேன். எனக்கே தெரியும், இருக்காது என்று. "ஒரு நுள்ளு சீனியாவது வச்சிருக்கலாம்லா" என்றார் வீட்டுக்காரர். அவர் மடியில் ஜிம்மி துணி மாதிரிக் கிடந்தது. கடைக்குப் போய் வர நேரம் இல்லை.

அப்போதுதான் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து பாகு காய்ச்சும் மணம் வந்தது. போவதா? எந்த முகத்தோடு? சொல்ல வெட்கமாக இருக்கிறது — ஆனால் தயங்கினேன். நாய் சாகக் கிடக்கிறது, எனக்கு மானம் பெரிசாகப் போயிற்று.

பிறகு ஓடினேன்.

"அக்கா, கொஞ்சம் பாகு வேணும்."

"ஆருக்கு?"

"ஜிம்மிக்கு."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் சுட்ட பிஸ்கட்டைத் தின்று சாகக் கிடக்கிறது, ஈறில் பாகு தடவ வேண்டும் என்று மூச்சு விடாமல் சொன்னேன். ஒரு கரண்டி பாகைக் கிண்ணத்தில் ஊற்றி, பச்சைத் தண்ணீரில் வைத்து ஆற்றியபடியே "நட, நட" என்று எனக்கு முன்னால் ஓடினார்.

ஆட்டோவில் அக்கா மடியில்தான் ஜிம்மி. வழியில் கருங்கல் ஊர்ச் சந்தையில் ஸ்டாரும் குடில் பொம்மையும் வாங்க வந்த கூட்டம். ஆட்டோ அசையவில்லை. நான் பாதி ஜெபமும் பாதி திட்டுமாக வெளியே தலை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தேன். அக்கா விரலில் பாகைத் தொட்டுத் தொட்டு ஈறில் தடவிக்கொண்டிருந்தார்.

"எனக்க மக்கா, நக்கு. கொஞ்சம் நக்கு மக்கா."

சந்தையைத் தாண்டியதும் நாக்கு அசைந்தது. அக்காவின் விரலை ஒரு தரம் நக்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

இரண்டு நாள் குளுக்கோஸ் டிரிப், ஈரலுக்கு இரண்டு தரம் ரத்தப் பரிசோதனை. "வழியில பாகு தடவாம இருந்தா இஞ்ச வந்து சேந்திருக்காது" என்றார் டாக்டர். நேற்றுதான் வீட்டுக்கு வந்தது.

ஆரோக்கியம் என்று டப்பாவில் எழுதியிருந்தால் போதும்... யாருடைய ஆரோக்கியம் என்று நாம் கேட்கிறோமா? நான் கேட்கவில்லை. நீங்களாவது கேளுங்கள்.

இன்று காலை மதில் ஓரம் போய் நின்றேன்.

"அக்கா, அன்னைக்கு நான் அப்பிடிப் பேசியிருக்கப்படாது."

"அது கெடக்கட்டு. அந்த பிஸ்கட்டு மிச்சம் இருக்கா?"

"எல்லாத்தையும் குழி தோண்டிப் பொதச்சாச்சி."

"நல்லது" என்றார் அக்கா. "நீ நல்லா எழுதுவ மக்கா. எழுதிட்டு மட்டும் இரி."

அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.