தாங்குகிற வரைக்கும்

உறைந்த ஏரியின் பனிக்கட்டியில் துளை போட்டு முடித்ததும் ஓபெட் ஸ்பிராக் நுனி வளைந்த அளவுகோலை ஓட்டைக்குள் விட்டுப் பார்க்கிறார். ஒன்பதரை அங்குலம். அதோடு அவர் திருப்தி அடைவதில்லை. நாலடி தள்ளி நின்று எம்பிக் குதிக்கிறார். அறுபத்திரண்டு வயது மனிதர் கம்பளிக் கோட்டோடும் ஆணி அடித்த பூட்ஸோடும் குதிப்பதைப் பார்த்துக் கரையில் நிற்கும் வேலையாட்கள் சிரிக்கிறார்கள். சிரித்தாலும் அவர் கை காட்டும்வரை ஒருவரும் ஏரியில் கால் வைப்பதில்லை.

ஏரிப் பனியைப் பாளம் பாளமாக அறுத்து விற்கும் குளிர்காலத்தில், அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் அந்தப் பக்கத்து ஏரிகளில் கடைசி வார்த்தை அவருடையதுதான். கம்பெனிக்காரர்கள் வெப்பமானியும் அட்டவணையும் கொண்டுவந்து காட்டுவார்கள். "அதெல்லாம் இருக்கட்டும். தாங்குதா? தாங்கினா சரி, தாங்கலைன்னா தப்பு. இதுல பேச என்ன இருக்கு?" என்பார்.

எதற்கும் அவரிடம் இந்த ஒரே தராசுதான். முழங்கால் வலிக்கு வெல்லப்பாகில் வினிகரைக் கலந்து குடிக்கிறார். அது வெறும் மூடநம்பிக்கை என்று டாக்டர் சொன்னபோது, "நீங்க சொல்றது நிஜமா இருக்கலாம். ஆனா கால் மடங்குதே" என்றார். நரகத்தை நம்புகிறீர்களா என்று பாதிரியார் கேட்டதற்கு, "இருந்தா நாளைக்கு என் வேலையில என்ன மாறும்? ஒண்ணும் மாறாதுன்னா இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறம் பாதிரியார் அவரைத் தேடி வருவதில்லை.

கோடையில் பாஸ்டன் பக்கத்திலிருந்து தத்துவம் சொல்லிக்கொடுக்கும் பேராசிரியர் ஒருவர் வந்து தங்குவார். ஓபெட்டின் பேச்சென்றால் அவருக்கு உயிர். சட்டைக் கையிலேயே பென்சிலால் குறித்துக்கொள்வார்.

"எந்த நினைப்பு நம்மளைப் பத்திரமா அக்கரை சேர்க்குதோ அதுதான் உண்மை. நாங்க வருஷக்கணக்கா மண்டையை உடைச்சுக்கிட்டதை நீங்க பனியில நின்னே கண்டுபிடிச்சிட்டீங்க, ஸ்பிராக்."

"பாதி வழியில உடைஞ்சா?"

"அதுவரைக்கும் அது உண்மை."

"ரூஃபஸ்கிட்ட சொல்லிப் பாருங்க" என்றார் ஓபெட். ரூஃபஸ் யாரென்று தெரியாத பேராசிரியர் அதற்கும் சிரித்து வைத்தார். படித்தவர்களுக்குச் சிரிப்பதில் ஒரு சிரமமும் இல்லை.

ரூஃபஸ், ஓபெட்டின் தங்கை ஹெப்ஸியின் கணவர். மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு ஜனவரி மாதம் ஓபெட் காலையில் நாற்பது இடத்தில் துளை போட்டுப் பார்த்துத்தான் கை காட்டினார். மத்தியானம் அடியில் ஊற்று ஓடிய ஓரிடத்தில் பனி உடைந்து, ரூஃபஸும் அவர் ஓட்டிய குதிரையும் உள்ளே போனார்கள். ஏரியில் இறங்கும் குதிரைக்குக் கழுத்தில் எப்போதும் ஒரு சுருக்குக் கயிறு இருக்கும். விழுந்தால் அதை இறுக்கி மூச்சை அடைத்துவிடுவார்கள். மூச்சடைத்த குதிரை உதைக்காமல் அடங்கி மிதக்கும், இழுத்துப் போட்டுவிடலாம். மனிதர்களுக்கு அப்படி ஒரு கயிறு மாட்டும் வழக்கம் இல்லை.

குதிரை பிழைத்தது. "தண்ணியில விழுந்த கையோட போயிட்டான், அவனுக்கே தெரிஞ்சிருக்காது" என்று ஓபெட் தங்கையிடம் சொன்னார். கூட இருந்த மூன்று பேரையும் அப்படியே சொல்ல வைத்தார். அந்தச் சொல் தாங்கியது. ஹெப்ஸி எழுந்தாள், சமைத்தாள், தூங்கினாள், அண்ணன் வீட்டுக்கே வந்து அவருக்கும் சேர்த்து வீட்டைப் பார்த்துக்கொண்டாள். தன் கணவரோடு விழுந்து மீண்ட ஜீவன் என்று அந்தக் குதிரைக்குத் தினமும் ஓர் ஆப்பிள் கொடுத்தாள். ஒரு பெண்ணை இவ்வளவு தூரம் நடக்க வைக்கும் சொல்லைப் பொய் என்று எப்படிச் சொல்வது என்றுதான் ஓபெட் நினைத்துக்கொண்டார்.

இந்த வருஷம் தேவாலயத்தில் எழுப்புதல் கூட்டம் நடந்தது. ஒவ்வொருவராக எழுந்து பாவத்தைச் சபையில் சொல்லி அழுவார்கள். அந்த மூவரில் ஒருவனான மைக்கா டட்டிலும் ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்றான். அவன் பாரம் இறங்கிவிட்டது. அது யார் தலையில் ஏறியது என்று அவன் பார்க்கவில்லை.

ஓபெட் வீட்டில் நேற்றைய அவரையைச் சூடு பண்ணிச் சாப்பிட உட்கார்ந்திருந்தார். ஹெப்ஸி தொப்பியைக்கூடக் கழற்றாமல் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"குதிரையைத்தான் முதல்ல இழுத்தீங்களாமே. மைக்கா சொன்னான்."

"அது உதைச்ச உதையில பனி மொத்தமும் பொளந்திருக்கும், ஹெப்ஸி. எல்லாருமே போயிருப்போம். அதை அடக்கினதாலதான் நாலு பேர் மிஞ்சினோம்."

"நான் அதைக் கேக்கலண்ணா. அவர் உடனே போகலையா?"

ஓபெட் ரொட்டியைப் பிட்டார். "மூணு வருஷம் ஆச்சு. இப்பத் தெரிஞ்சு நாளைக்கு என்ன மாறப்போகுது?"

ஊரில் இந்தக் கேள்விக்கு அதுவரை யாரும் பதில் சொன்னதில்லை.

"நாளைக்கு அந்தக் குதிரைக்கு நான் ஆப்பிள் கொடுக்கணுமா, வேண்டாமான்னு மாறும். உனக்குச் சோறு போடணுமா, வேண்டாமான்னு மாறும். எவ்வளவு நேரம் உயிரோட இருந்தார்?"

"பத்து நிமிஷம். பனி விளிம்பைப் பிடிச்சுக்கிட்டிருந்தான்."

"கூப்பிட்டாரா?"

"கூப்பிட்டான்."

"என்னையா?"

ஆமாம் என்றால் போதும். அந்த ஒரு சொல் அவளை இன்னும் இருபது வருஷம் தாங்கும் என்று ஓபெட்டுக்குத் தெரியும். ஆனால் அதன்மேல் கால் வைக்க அவருக்கு அன்று துணிவு வரவில்லை.

"என்னை" என்றார். "அவன் சத்தம் போடலை. தன் முறை வரும்னு காத்துக்கிட்டிருந்தான். 'குதிரை ஆச்சா ஓபெட்?'னு கேட்டான். ரெண்டு தடவை கேட்டான்."

ஹெப்ஸி அழவில்லை. ஓய்வுநாளான ஞாயிற்றுக்கிழமையில் பின்னல் ஊசியைத் தொடாதவள், எழுந்துபோய்க் கூடையிலிருந்து அண்ணனுக்காகப் பாதி பின்னியிருந்த சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையை எடுத்துவந்தாள். ஊசிகளை உருவி மேசைமேல் வைத்துவிட்டு, நூலின் முனையைப் பிடித்து இழுத்தாள். வரிவரியாகச் சட்டை பிரிந்தது. நூல் சுற்றும்போது எப்போதும் செய்வதுபோல ஓபெட் இரண்டு கைகளையும் அவள் முன்னால் நீட்டினார். ஹெப்ஸி பக்கத்திலிருந்த நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் நூலைச் சுற்ற ஆரம்பித்தாள்.