மூன்றாவது விக்கெட்

குண்டசாலை மைதானத்தில் ஊர் அணிகளின் இறுதிப்போட்டி. மழை ஆறு ஓவர்களைத் தின்றுவிட்டது. வெற்றி இலக்கைக் குறைத்துக் கணிப்பது என் வேலை. முதலில் ஆடிய அணியின் ஓட்டங்கள், இப்போது ஆடும் அணிக்கு மிஞ்சிய ஓவர்கள், விழுந்த விக்கெட்டுகள் மூன்றையும் மடிக்கணினியில் பதிந்தேன். நூற்றியொன்று என்று காட்டியது.

பக்கத்துக் கதிரையில் ஸ்கோரர். குடையை ஸ்கோர் கொப்பிக்குப் பிடித்துவிட்டு, தாடி சொட்டச் சொட்ட நனைந்துகொண்டிருந்தார். அவருடைய ஊரான மடவளைதான் இரண்டாவதாக ஆடிக்கொண்டிருந்தது.

“தங்கச்சி, ரெண்டு விக்கெட் இல்ல, மூணு. மழைக்கு முந்தின கடைசிப் பந்துல ஒண்டு போச்சு.”

எல்லோரும் தார்ப்பாய் இழுக்க ஓடியபோது நான் தவறவிட்டது அது. விக்கெட் கூடுதலாகப் போயிருந்தால், இழந்த ஓவர்களுக்கு மதிப்புக் குறைவு; இலக்கும் அவ்வளவாகக் குறையாது. திருத்தியதும் இலக்கு நூற்றிமூன்றாக ஏறியது.

மடவளை அணித் தலைவர், அண்ணன் முறையில் ‘நானா’ என்றழைக்கும் ஸ்கோரரிடம் பாய்ந்து வந்தார். “நானா, நீங்க எங்கட ஆளா, அவங்கட ஆளா?”

“ஒங்கட ஆள்தான். அவுட்டானதும் ஒங்கட ஆள்தானே!”

அவர்கள் நூற்றியொன்று எடுத்து, ஒரே ஓட்டத்தால் தோற்றார்கள். ஸ்கோரர் வாய் திறக்காமல் இருந்திருந்தால் கோப்பை மடவளைக்குப் போயிருக்கும்.

புறப்படும்போது பஸ் ஜன்னலிலிருந்து அணித் தலைவர் கத்தினார்: “மூணாவது விக்கெட்டே, ஏறுங்க! ஒங்களாலதான் பஸ் நிக்குது.”

ஸ்கோரர் சிரித்தபடி ஏறினார். உள்ளே ஒரே கைதட்டல். அது கோபமா, கொண்டாட்டமா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.