பக்கத்து வீட்டு இயக்கம்

என் எழுத்து கோழி கிண்டியது போல இருக்கும், பிழைகளும் இருக்கும். ஊரில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் அகதிகளாக வந்து இறங்கிய மல்வேர்னில் எங்கள் வீட்டுச் சுவர் மெல்லியது. பின்னேரங்களில் பக்கத்து வீட்டுத் தட்டச்சுச் சத்தம், தகரக் கூரையில் மழை விழுவது போலக் கேட்டுக்கொண்டே இருக்கும். பதினைந்து வயதில் நான் உணவகமொன்றில் 'கோப்பை கழுவி'க்கொண்டிருந்தேன்; அம்மா அலுவலகங்களைத் துப்புரவு செய்தார். அகதிக் 'கேஸ்' முடியாததால் யாரைக் கண்டாலும் பயம். பக்கத்து வீட்டு ஒடெட் என்ற கறுப்பினப் பெண்மணியோ, கண்ட இடத்தில் எங்கே வேலை, முதலாளி எப்படி என்று விசாரிப்பவர். ஒருநாள் மாமா, அம்மாவின் தம்பி, அவரிடமே என்ன வேலை என்று கேட்டுவிட்டு வேர்த்துப்போய் வந்தார்.

"அக்கா, நாவல் எழுதுறாவாம். அதோட 'மூவ்மென்ற்'றிலயும் இருக்கிறாவாம். இயக்கம்!"

"எந்த இயக்கம்?"

"பொம்பிளையளின்ர இயக்கமாம்."

"இஞ்சையும் துவக்குத் தூக்கிறவையோ?"

எங்களுக்குத் தெரிந்த இயக்கமெல்லாம் ஊரில் துவக்கும் குண்டுமாகத் திரிந்தவை. பழகினால் கேஸ் போய்விடும், கதவு திறக்கக்கூடாது என்றார் மாமா.

அந்தப் பனிக்காலத்தில் துப்புரவு வேலையின் 'சுப்பவைசர்' அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தான். வெளியே சொன்னால் நாட்டைவிட்டு அனுப்பிவிடுவேன் என்றும் மிரட்டினான். அம்மா குசினிக்குள் அடுப்பருகே நின்று அழ, சுவருக்கு அப்பால் தட்டச்சு சட்டென்று நின்றது. பிறகு கதவு தட்டும் சத்தம்.

"திறக்காதை அக்கா! உவ ஒட்டுக் கேட்டிருக்கிறா."

"நாங்கள் மட்டும் கேக்கேல்லையோ?" என்று அம்மா போய்த் திறந்தார்.

மறுநாள் ஒடெட்டும் தோழிகள் சிலரும் அம்மாவோடு அந்தக் கம்பனிக்குப் போனார்கள். துவக்கில்லை, பெரிய கைப்பைகள்தான். கம்பனிக்காரர்கள் அவனை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கேஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாமா அப்போதும் நம்பவில்லை. "சும்மா செய்வாவோ? கதை எடுக்கத்தான்."

அதிலும் உண்மை இருந்தது. பல வருடங்கள் கழித்து, ஒடெட் காலமானபின் என் மகள் அவருடைய நாவலொன்றை எங்களுக்கு வாசித்துக் காட்டினாள். வீட்டு வேலைக்கென்று இந்நாட்டுக்கு வந்தவராம் ஒடெட். அப்படி வந்த கறுப்பினப் பெண்களைப் பற்றியே எழுதி, அவர்களுக்காகத் தெருவிலும் இறங்கினாராம். நாவலில் துப்புரவு செய்யும் ஒருத்தி, கையைப் பிடித்தவனைக் கூட்டுகிற தும்புத்தடியால் அடிக்கிறாள்.

"இதைத்தான் நான் அண்டைக்கே சொன்னன்," என்றார் மாமா.

"நான் அடிக்கேல்லை," என்றார் அம்மா. பிறகு, "அடிச்சிருக்கலாம்."

இப்போது பிக்கரிங்கில் இருக்கிறோம். யாராவது கதவு தட்டினால், நான் இன்றும் கதவுத் துளையால் பார்த்துவிட்டுத்தான் திறப்பேன். சுவர்கள் தடிப்பானவை, பக்கத்து வீட்டில் யார் அழுதாலும் எங்களுக்குக் கேட்காது.

இதை எழுதி முடித்தது கார்த்திகை 23, ஞாயிற்றுக்கிழமை.