தலைதீபாவளிக்கு ஒரு டி.வி. விளையாட்டு

தலைதீபாவளிக்கு வரும் மாப்பிள்ளைக்கு மோதிரம் அல்லது கைக்கடிகாரம் என்பதே விதி. விலக்கு எதுவும் கிடையாது. இந்தத் தீபாவளிக்குப் பேரனுக்கு வந்த வீடியோ கேம் பெட்டியைப் பிரித்தபோது எழுந்த புதுப் பிளாஸ்டிக் வாசனை, அந்த விதி மீறப்பட்ட பாண்டிபஜார் கடையை நினைவுபடுத்தியது. வெளிநாட்டு சோப்பும் சென்ட்டும் மணக்கும் அந்தக் குறுகலான கடை இன்று இல்லை. எழுபதுகளின் கடைசியில், அங்கே ஒரு கறுப்புவெள்ளை டி.வி.யில் இரண்டு வெள்ளைக் கோடுகள் ஒரு புள்ளியை டொக், டொக்கென்று தட்டிக்கொண்டே இருக்க, பள்ளி விட்டு வரும் நாங்கள் கண்ணாடியில் மூக்கை அழுத்தியபடி நின்றிருப்போம்.

“வருஷம் பூரா வேடிக்கைதான் சார். தீபாவளி வந்தாத்தான் பரிசுன்னு யாராவது வாங்குவாங்க,” என்றார் கடைக்காரர், அக்காவின் தலைதீபாவளிக்குப் பரிசு வாங்க என்னோடு வந்திருந்த அப்பாவிடம்.

“டி.வி. இல்லாம ஓடுமா?” என்று கேட்டார் அப்பா.

“ஓடாது சார்.”

“அப்பக் கட்டுங்க.”

அக்காவை மயிலாப்பூரில் கொடுத்திருந்தோம். தி.நகரிலிருந்து அதிக தூரமில்லை. ஆனாலும் கல்யாணத்துக்குப் பிறகு ஒரே ஒருமுறைதான் புகுந்த வீட்டில் அவளை அனுப்பினார்கள். அம்மா ஞாயிறுதோறும் அவளுக்கும் சேர்த்து உலை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

“டி.வி. நம்ம வீட்லதான் இருக்கு, அவங்க வீட்ல இல்ல. மாப்பிள்ளை இதை வெச்சு என்ன பண்ணுவாரு, சூடம் காட்டுவாரா?” என்று அம்மா கத்தினாள். அப்பா பெட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டினார். தீபாவளியன்று மாப்பிள்ளை எங்கள் டி.வி. முன்னால் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவருடைய காபியை இரண்டு முறை சூடுபண்ண வேண்டியிருந்தது.

அம்மாவுக்கான பதில் தீபாவளிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை வந்தது: வாசலில் அக்கா, பின்னால் அந்த விளையாட்டுப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாப்பிள்ளை.